புதைத்ததற்குச் சாட்சி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கேட்ட மாத்திரத்தில் சற்று வறண்டதாகத் தோன்றக்கூடும். பூமிக்கு அடியிலே செலுத்தி அடைத்து வைக்கப்படும் கரியமில வாயு, வைத்த இடத்திலேயே இருக்கிறதா, நகர்கிறதா, கசிகிறதா என்பதை நிலஅதிர்வு அலைகளைக் கொண்டு அறிகின்ற முறை என்பதே அப்பொருள். ஆனால் சற்றே பொறுமையோடு நோக்கினால், இந்த வறண்ட தலைப்பினுள்ளே மனிதகுலம் என்றும் கேட்டுவந்திருக்கிற ஒரு பழைய கேள்வி ஒளிந்துகொண்டிருப்பதைக் காண்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி ஒருவர் நமக்கு உறுதிமொழி கொடுத்தால், அந்த உறுதிமொழியை நாம் எந்த அளவுக்கு நம்பலாம்? எந்தச் சாட்சியை வைத்து நம்பலாம்? அந்தச் சாட்சியை யார் குறுக்கு விசாரணை செய்வது? இந்த மூன்று கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு என்னோடு வாருங்கள். நாம் வட கடலுக்குப் போவோம்.

நார்வே நாட்டின் கடற்கரையிலிருந்து வெகுதூரம் மேற்கே, வட கடலின் நடுவிலே, ஸ்லைப்னர் என்ற எரிவாயு வயல் ஒன்று உண்டு. அந்த வயலின் மேற்குப் பகுதியிலிருந்து வருகின்ற இயற்கை எரிவாயுவிலே கரியமில வாயு ஏறத்தாழ 9 சதவீதம் வரை கலந்திருந்தது, வாங்குகிறவர்களோ 2.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏற்கமாட்டோம் என்றார்கள். ஆகவே அதைப் பிரித்தே ஆகவேண்டும். பிரித்ததை என்ன செய்வது? அதுகாறும் உலகம் செய்துவந்தது ஒன்றுதான்: காற்றிலே விட்டுவிடுவது. ஆனால் 1991-ஆம் ஆண்டிலே நார்வே அரசு, கடலிலுள்ள எண்ணெய், எரிவாயு மேடைகள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு வரி விதித்தது. வரி என்று வந்துவிட்டால் எந்த வியாபாரிக்கும் புதிய யோசனை பிறக்கும் அல்லவா? காற்றிலே விட்டு வரி கட்டுவதைக் காட்டிலும், பிரித்த வாயுவைக் கடலுக்கு அடியிலேயே செலுத்திவிடுவது மேல் என்று அந்த வயலை நடத்திய ஸ்டாட்டாயில் என்னும் நிறுவனம், இன்று ஈக்வினார் என்று வழங்கப்படுவது, தீர்மானித்தது. 1996-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே அந்தப் பணி தொடங்கியது. பருவநிலையைக் காக்கும் நோக்கத்தோடு, தொழில் அளவிலே, உப்புநீர் நிறைந்த ஆழ்பாறைக்குள் கரியமில வாயுவை அடக்கம் செய்த முதல் முயற்சி அதுவே என்று உலகம் ஒப்புக்கொள்கிறது.

எங்கே செலுத்தினார்கள்? கடலின் ஆழம் அங்கே சுமார் 80 மீட்டர். அந்தக் கடலடித் தரைக்கும் கீழே, களிமண் கெட்டிப்பட்டு உண்டான பாறைகள் பல நூறு மீட்டர் கனத்துக்குப் படிந்திருக்கின்றன. அவற்றுக்கும் கீழே உட்ஸிரா என்று பெயரிட்ட மணற்படுகை ஒன்று, வடக்கு தெற்காக 400 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. ஸ்லைப்னர் பகுதியில் அதன் கனம் 200 மீட்டருக்கும் அதிகம். அதன் மணல் இன்னும் இறுகாத மணல். கன அளவிலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நுண்துளைகள். அந்தத் துளைகள் நிறைய யாருக்கும் பயன்படாத உப்புநீர். கடல்மட்டத்திலிருந்து 1,012 மீட்டர் ஆழத்திலே, அந்த மணலின் அடிப்பகுதியில் வாயுவைச் செலுத்தினார்கள். ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் டன் என்ற கணக்கிலே தொடங்கிய அந்தப் பணி, முதல் இருபது ஆண்டுகளிலேயே ஒன்றரைக் கோடி டன்னைக் கடந்துவிட்டது.

நண்பர்களே, இங்கேதான் நம்முடைய கேள்வி எழுகிறது. செலுத்தினீர்கள், சரி. செலுத்தியது அங்கேதான் இருக்கிறது என்பதற்கு என்ன பிரமாணம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவரை அஞ்சுகிறவர் என்றோ அறியாதவர் என்றோ ஒதுக்கிவிட முடியாது. 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் இரவு, ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலே, நியோஸ் என்னும் எரிமலை ஏரியின் அடியில் கரைந்து கிடந்த கரியமில வாயு திடீரென்று பொங்கி வெளிப்பட்டு, பள்ளத்தாக்குகளில் தவழ்ந்து இறங்கி, உறங்கிக்கொண்டிருந்த சுமார் 1,700 மக்களை மூச்சுத் திணறடித்துக் கொன்றுவிட்டது. அந்த ஏரியின் நிலைமை வேறு, பல நூறு மீட்டர் பாறைக்கு அடியிலே மணல் துளைகளுக்குள் அடைபட்ட வாயுவின் நிலைமை வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது நியாயமாகாது. ஆயினும், இந்த வாயு நிறமற்றது, காற்றினும் கனமானது, பேரளவிலே வெளிப்பட்டால் உயிரைக் குடிப்பது என்ற உண்மையை அறிந்த மனிதன், அதைப் புதைக்கிறவனைப் பார்த்துக் கணக்குக் கேட்பது அவனுடைய உரிமை. கசிவு சிறிதாக இருந்து யாருக்கும் தீங்கு செய்யாமற் போனாலும், புதைத்துவிட்டோம் என்று எழுதிவைத்த கணக்கு பொய்க்கணக்காகிவிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஸ்லைப்னரிலே இந்தச் சங்கடம் இரட்டிப்பாக இருந்தது. வாயுவைச் செலுத்துகின்ற கிணறு ஒன்றே ஒன்று. வாயு பரவிச் சென்ற பகுதிக்குள் இறங்கி நேரே பார்ப்பதற்குக் கண்காணிப்புக் கிணறு எதுவும் அங்கே தோண்டப்படவில்லை. நம் நாட்டுத் தர்க்க நூலார் அறிவுக்கு வாயிலாகப் பிரத்தியட்சத்தை முதலிலும் அனுமானத்தை அடுத்தும் வைத்தார்கள். இங்கே பிரத்தியட்சத்துக்கு வழியில்லை. எஞ்சியிருப்பது அனுமானம் ஒன்றே. மலையின்மேல் புகையைக் கண்டவன் அங்கே நெருப்பு உண்டென்று அனுமானிப்பதற்கு, புகைக்கும் நெருப்புக்கும் உள்ள சம்பந்தம் முன்னரே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சம்பந்தம் உறுதியாக இருக்கும் வரையில்தான் அனுமானமும் உறுதியாக நிற்கும். அப்படியானால், பாறைக்குள் கிடக்கும் வாயுவுக்குப் புகை எது?

அதிர்வலைதான் அந்தப் புகை.

பூமியைத் தட்டி, அதிலிருந்து திரும்பிவரும் எதிரொலியைக் கேட்டு, உள்ளேயிருப்பதை அறியும் கலை ஒரு நூற்றாண்டுப் பழமையுடையது. ஜெர்மனியைச் சேர்ந்த சுரங்க நில அளவையாளர் லுட்கர் மின்ட்ராப், செயற்கை அதிர்வுகளைக் கொண்டு பாறை அடுக்குகளைக் கண்டறியும் முறைக்கு 1919-ஆம் ஆண்டிலே காப்புரிமை கோரினார். 1921-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலே எதிரொலி முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். அதன்பின் எண்ணெய் தேடிய தேசமெல்லாம் அந்த முறை பரவியது; நம்முடைய காவிரிப் படுகையிலே எண்ணெயும் எரிவாயுவும் தேடியவர்கள் கையாண்டதும் அதுவே. பூமிக்குள்ளிருந்து கரியை வெளியே எடுப்பதற்காக வளர்த்த வித்தை, அதே கரியைத் திரும்ப உள்ளே அனுப்பிக் காவல் காப்பதற்கும் பயன்படுகிறதென்றால், விஞ்ஞானத்தின் விசித்திரங்களிலே அதுவும் ஒன்றென்றே சொல்லவேண்டும்.

கடலிலே இதை எப்படிச் செய்கிறார்கள்? ஒரு கப்பல் நிதானமான வேகத்திலே செல்கிறது. அதன் பின்னால், நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே, அழுத்தி அடைத்த காற்றைப் படீரென்று வெளிவிடும் காற்றுத்துப்பாக்கிகள் மிதந்து வருகின்றன. அவற்றுக்கும் பின்னால், நீரொலிவாங்கிகள் வரிசை வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட கம்பிவடங்கள் கிலோமீட்டர் கணக்கிலே இழுபட்டு வருகின்றன. சில வினாடிகளுக்கு ஒருமுறை துப்பாக்கி வெடிக்கிறது. அந்த ஒலி நீரைக் கடந்து, தரையைக் கடந்து, அடுக்கடுக்காகப் பாறைகளுக்குள் இறங்குகிறது. ஒரு பாறையிலிருந்து தன்மை வேறுபட்ட இன்னொரு பாறைக்குள் நுழையும் ஒவ்வோர் எல்லையிலும் ஒரு பகுதி திரும்பி மேலே வருகிறது. உட்ஸிரா மணலின் உச்சிவரை சென்று திரும்பிவர அந்த ஒலிக்கு ஒரு முழு வினாடிகூட ஆவதில்லை. இப்படி ஆயிரமாயிரம் வெடிப்புகளின் எதிரொலிகளைப் பதிவுசெய்து, கணினியிலே சேர்த்துக் கோத்தால், அந்தக் கடலடியின் முப்பரிமாணச் சித்திரம் ஒன்று உருவாகிறது. சில ஆண்டு கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வந்து, அதே முறையிலே இன்னொரு சித்திரம் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டால், மாறாதவையெல்லாம் மறைந்துபோய், மாறியது மட்டும் மிஞ்சும். காலத்தையே நான்காவது பரிமாணமாகச் சேர்த்து, இதை நாற்பரிமாண ஆய்வு என்கிறார்கள்.

மணலிலே வாயு புகுந்தால் எதிரொலி ஏன் மாறவேண்டும்? இங்கேதான் அனுமானத்தின் வேர் இருக்கிறது. அந்த ஆழத்தின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கரியமில வாயு, வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையை எய்துகிறது. 31 டிகிரி வெப்பத்தையும், கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல் 73 மடங்கு அழுத்தத்தையும் தாண்டினால் அதற்கு அந்த நிலை வந்துவிடும். தரைமட்டத்தில் கொள்ளும் இடத்தைப் போலச் சில நூற்றிலொரு பங்கு இடத்துக்குள் அது சுருங்கிவிடுகிறது. அப்படிச் சுருங்கியும்கூட உப்புநீரினும் அது எடை குறைந்தது. அதனினும் முக்கியம், உப்புநீரைக் காட்டிலும் எளிதில் நசுங்கக்கூடியது. துளைகளிலே நசுங்காத நீர் இருக்கும்போது மணல் விறைப்பாக நிற்கிறது. நசுங்கும் பொருள் புகுந்துவிட்டால் விறைப்புத் தளர்கிறது. விறைப்புத் தளர்ந்தால் அலையின் வேகம் குறைகிறது. துளைகளில் நிறைந்த பொருளுக்கும் பாறையின் விறைப்புக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை ஃபிரிட்ஸ் காஸ்மன் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் 1951-ஆம் ஆண்டிலே ஒரு சமன்பாடாக வகுத்துக் கொடுத்தார். உட்ஸிரா மணலிலே உப்புநீர் நிறைந்திருக்கும்போது அலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 2,050 மீட்டர். கரியமில வாயு நிறைந்தபின் சுமார் 1,450 மீட்டர். எவ்வளவு பெரிய வித்தியாசம்!

இந்த வித்தியாசம் சித்திரத்திலே இரண்டு அடையாளங்களாக வெளிப்படுகிறது. வாயு தங்கிய இடத்திலிருந்து வரும் எதிரொலி பளிச்சென்று வலுக்கிறது. இது முதல் அடையாளம். வாயுவுக்குக் கீழேயுள்ள பாறைகளின் எதிரொலி தாமதமாக வருகிறது, இது இரண்டாவது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மீட்டர் கனத்துக்கு வாயு நிறைந்த மணலை அலை போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் கடக்கவேண்டும். ஆக 50 மீட்டர். பழைய வேகத்திலே அதற்கு ஆகும் நேரம் 24 மில்லிவினாடி. புதிய வேகத்திலே 34 மில்லிவினாடி. வித்தியாசம் பத்து மில்லிவினாடி, அதாவது ஒரு வினாடியிலே நூற்றில் ஒரு பங்கு. அசையாமல் கிடக்கிற கீழ்ப்பாறை, சித்திரத்திலே மட்டும் சற்றுக் கீழே தாழ்ந்துவிட்டதுபோலத் தோன்றும். அந்தப் பொய்த்தோற்றமான தாழ்வைக் கொண்டே மெய்யான வாயுவின் கனத்தைக் கணக்கிடுகிறார்கள்.

சரி, பார்த்தார்களே, என்ன கண்டார்கள்?

வாயுவைச் செலுத்துவதற்கு முன்பே, 1994-ஆம் ஆண்டிலே, அந்தப் பகுதியின் சித்திரம் எடுக்கப்பட்டிருந்தது. பின்னால் வந்த ஆராய்ச்சிக்கெல்லாம் அதுவே அடிப்படை ஆயிற்று. 1999-இல் இரண்டாவது சித்திரம் எடுத்தார்கள். செலுத்தத் தொடங்கி மூன்று ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. முன்னதையும் பின்னதையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, முன்னதிலே மங்கலாகவும் வெறுமையாகவும் கிடந்த உட்ஸிரா மணலுக்குள், ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது பிரகாசமான அடுக்குகள் எழுந்து நின்றன. வாயு அடியிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 200 மீட்டர் மேலேறி, மணற்படுகையின் உச்சியையே எட்டிப்பிடித்துவிட்டது!

ஒன்பது அடுக்கு எங்கிருந்து வந்தது? அந்த மணலுக்குள்ளே சுமார் ஒரு மீட்டர் கனமுள்ள மெல்லிய களிப்பாறை ஏடுகள் குறுக்கே கிடந்தன. பக்கத்துக் கிணறுகளின் பதிவேடுகளிலே அவை சிறு சிறு கூர்முனைகளாகத் தென்பட்டதுண்டு. ஆனால் அவை ஓரிடத்துத் துணுக்குகளா, வெகுதூரம் விரிந்து கிடக்கும் தடைகளா என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மேலேறிய வாயு ஒவ்வோர் ஏட்டின் அடியிலும் முட்டித் தேங்கி, பக்கவாட்டிலே பரவி, எங்கேயோ ஒரு வழி கண்டு அடுத்த ஏட்டுக்குத் தாவி, அங்கும் தேங்கி, இப்படியே ஒன்பது தளங்களை நிரப்பியிருந்தது. சித்திரம் எடுக்கப் போனது வாயுவைக் காவல் காப்பதற்காக. வாயுவோ, அதுவரை அறியப்படாமலிருந்த பாறையின் அமைப்பையே வெளிச்சம்போட்டுக் காட்டிவிட்டது. வாயுவைச் செலுத்துவதற்கு முன் எழுதிவைத்த கணக்குகளை அறிஞர்கள் திருத்தி எழுதினார்கள். 2001, 2002, 2004, 2006, 2008, 2010 என்று ஆய்வு தொடர்ந்தது. அதற்குப் பின்னும் நிற்கவில்லை. உச்சித் தளத்திலே தேங்கிய வாயு, மேல்மூடிப் பாறையின் அடிப்புறத்து மேடுபள்ளங்களை அனுசரித்து, ஒரு முகட்டைப் பற்றிக்கொண்டு வடக்கு நோக்கி நீண்டு போனதை ஆய்வுக்கு ஆய்வு தொடர்ந்து பார்த்தார்கள்.

அவையோரே, இந்தச் சித்திரங்களிலே பிரகாசமான ஒன்பது அடுக்குகள்தாம் முதலில் நம் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் காவல் என்ற நோக்கிலே பார்த்தால், அவற்றினும் விலைமதிப்புள்ளது அவற்றுக்கு மேலே தெரிகின்ற வெறுமை. மூடிப்பாறைக்கு மேலே, கடலடித் தரை வரையில், முன்னைய சித்திரத்துக்கும் பின்னைய சித்திரத்துக்கும் வித்தியாசம் தோன்றவில்லை. சில ஆயிரம் டன் வாயு அங்கே திரண்டு தேங்கியிருந்தாலும் இந்த முறையிலே தென்பட்டிருக்கும் என்பது ஆராய்ந்தவர்களின் மதிப்பீடு. பத்து லட்சம் டன்னைப் பற்றிப் பேசும்போது, சில ஆயிரம் டன்னைக் கண்டுபிடிக்க வல்ல சாட்சியைக் குறைவாக மதிக்க முடியுமா?

ஆனால் சாட்சியைப் புகழ்ந்துவிட்டு நாற்காலியிலே உட்கார்ந்துவிட்டால் நம் கடமை முடிந்துவிடாது. எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். இந்த அதிர்வலைச் சாட்சியை நாம் மூன்று கேள்வி கேட்போம்.

முதற் கேள்வி: நீ இரண்டு முறையும் ஒரே இடத்திலிருந்து, ஒரே விதமாகத்தான் பார்த்தாயா? கடல் நிலையாக நிற்பதில்லை. ஓதம் ஏறுகிறது, இறங்குகிறது. நீரின் வெப்பம் மாறுகிறது. நீரோட்டம் கம்பிவடங்களைப் பக்கவாட்டிலே தள்ளிவிடுகிறது. கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு புதுமையாகின்றன. 1994-ஆம் ஆண்டுச் சித்திரமே கீழே வெகு ஆழத்திலுள்ள எரிவாயுவை நினைத்து எடுத்ததன்றி, ஆயிரம் மீட்டரில் வரப்போகும் வாயுவை நினைத்து எடுத்ததன்று. இந்த வேறுபாடுகளெல்லாம் கழித்தலின்போது மாற்றம்போல வேஷம் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கும். எனவே, எந்த மாற்றமும் நிகழ முடியாத பாறைப் பகுதிகளிலே இரு சித்திரங்களும் எவ்வளவுக்கு ஒத்திருக்கின்றன என்பதை முதலில் அளந்து, அந்தப் பிழையின் அளவைத் தெரிந்துகொண்ட பின்னரே, வாயு இருக்குமிடத்து மாற்றத்தைப் பேசவேண்டும் என்பது இத்துறையின் ஒழுக்கம். ஆஸ்திரேலியாவின் ஆட்வே ஆய்வு நிலையத்தில் நிலத்தின் மேற்பரப்பு ஓசைகளிலிருந்து தப்புவதற்காக ஒலிவாங்கிகளை மண்ணுக்குள்ளேயே நிரந்தரமாகப் புதைத்துவைத்தார்கள். அதன் பயனாக 1,500 மீட்டர் ஆழத்திலே வெறும் 5,000 டன் வாயுவையும் இனங்கண்டார்கள்.

இரண்டாம் கேள்வி: வாயு இருக்கிறது என்கிறாய், எவ்வளவு இருக்கிறது? இங்கே சாட்சி தயங்குகிறது. காஸ்மன் சமன்பாட்டின் வழியே பார்த்தால், வாயுவும் நீரும் துளைகளிலே சீராகக் கலந்திருக்கும்போது, சிறிதளவு வாயு புகுந்தவுடனேயே அலையின் வேகம் மளமளவென்று இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு வாயு சேர்ந்தாலும் அதிகம் மாறுவதில்லை. திட்டுத்திட்டாகக் கலந்திருந்தாலோ, வேகம் படிப்படியாகக் குறைகிறது. எந்த விதமாகக் கலந்திருக்கிறது என்பது நிச்சயமாகத் தெரியாதவரை, ஒரே தாமதத்துக்கு இரண்டு வேறு கணக்குகள் பொருந்திவிடும். மேலும், அந்த அலையின் நீளமே ஏறத்தாழ 50 மீட்டர்; வாயு அடுக்கின் கனமோ பல இடங்களிலே சில மீட்டர்தாம். அடுக்கின் மேல்விளிம்பிலிருந்தும் கீழ்விளிம்பிலிருந்தும் வரும் எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து, ஒரே ஒலியாகக் காதில் விழுகின்றன. 2010-ஆம் ஆண்டு ஆய்விலே கருவிகள் மேம்பட்ட பின்னர்தான், உச்சி அடுக்கின் கனமான பகுதியிலே இரண்டு விளிம்புகளையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது.

மூன்றாம் கேள்வி: நீரிலே கரைந்துவிட்ட வாயுவைக் காண்கிறாயா? இல்லை என்று சாட்சி தலையசைக்கிறது. கரைந்த வாயு நீரின் விறைப்பை மாற்றுவதில்லை. ஆகவே எதிரொலியிலே அது தோன்றுவதில்லை. வாயு கரைந்துபோவது நமக்கு நன்மையே, ஏனெனில் கரைந்த வாயுவோடு கூடிய நீர் கனத்துக் கீழே இறங்குமேயன்றி மேலே எழாது. ஆனால் சித்திரத்திலே மங்கிப்போன ஓர் இடத்தைக் கண்டு, வாயு கரைந்ததா, நகர்ந்ததா, கசிந்ததா என்று எதிரொலியை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியுமா?

முடியாது. ஆகவேதான் இரண்டாவது சாட்சியைக் கூப்பிட்டார்கள். அந்தச் சாட்சி புவியீர்ப்பு. கடலடித் தரையிலே சுமார் முப்பது இடங்களிலே கான்கிரீட் பீடங்களை இறக்கிவைத்து, 2002-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, இயந்திர வாகனத்தின் மூலம் ஈர்ப்புமானியை ஒவ்வொரு பீடத்தின்மேலும் வைத்து அளந்துவந்தார்கள். கனமான உப்புநீர் விலகி, எடை குறைந்த வாயு அந்த இடத்தைப் பிடித்தால், அங்கே ஈர்ப்பு இம்மியளவு குறையும். புவியீர்ப்பிலே நூறு கோடியில் சில பங்கு என்ற நுட்பத்தோடு அளந்தால்தான் அது பிடிபடும். அளந்தார்கள், பிடிபட்டது. செலுத்திய எடையோடும், அதிர்வலை காட்டிய உருவத்தோடும் அது இணங்கியது. வாயு நீரிலே கரைவது ஆண்டுக்குச் சுமார் இரண்டு சதவீதத்துக்கு மேல் போகவில்லை என்ற உச்சவரம்பும் கிடைத்தது. எங்கே இருக்கிறது என்பதை அதிர்வலை தெளிவாகச் சொல்லும், எவ்வளவு எடை என்பதைத் தயங்கிச் சொல்லும். ஈர்ப்புமானியோ எடையை நன்றாகச் சொல்லும், உருவத்தை மங்கலாகவே சொல்லும். குறைகள் வேறுவேறாயிருக்கும் இரு சாட்சிகள் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது, அந்த ஒருமைப்பாட்டுக்குத் தனி வலிமை உண்டன்றோ?

ஸ்லைப்னர் ஒரு வெற்றிக்கதை. வெற்றிக்கதையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போவது பேச்சாளனுக்கு எளிது. கேட்பவர்களுக்கு அது நியாயமாகாது. காவலாளியின் மதிப்பு, எல்லாம் நலம் என்று சொல்லும்போது விளங்குவதைவிட, நிறுத்துங்கள் என்று சொல்லும்போதுதான் நன்றாக விளங்கும். அப்படிச் சொன்ன இடங்கள் இரண்டைக் காட்டுகிறேன்.

ஒன்று, அதே நார்வேயின் வடகோடியிலே, பேரன்ட்ஸ் கடலிலுள்ள ஸ்னோவிட் வயல். அங்கே 2008-ஆம் ஆண்டிலே டூபோவன் என்னும் ஆழ்மணற்பாறைக்குள் வாயுவைச் செலுத்தத் தொடங்கினார்கள். எதிர்பார்த்ததைக் காட்டிலும் வேகமாக அழுத்தம் ஏறுகிறது என்று கிணற்றின் அழுத்தமானி எச்சரித்தது. 2009-இல் எடுத்த அதிர்வுச் சித்திரம், வாயு பெரும்பாலும் அடிப்பகுதியிலுள்ள ஒரு மணலடுக்குக்குள்ளேயே போய் நெருக்கடி உண்டாக்குவதைக் காட்டிக்கொடுத்தது. பாறை பிளக்கும்வரை பொறுத்திருக்காமல், 2011-இல் அந்த இடத்தைக் கைவிட்டு, மேலேயுள்ள ஸ்டோ என்னும் வேறொரு பாறையடுக்குக்கு மாறினார்கள்.

மற்றொன்று, அல்ஜீரியாவின் பாலைவனத்திலுள்ள இன் சாலா. 2004 முதல் அங்கே 38 லட்சம் டன் வாயு செலுத்தப்பட்டது. விண்ணிலே சுற்றும் செயற்கைக்கோளின் ராடார், கிணறுகளுக்கு மேலே பாலைநிலம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உப்பிவருவதைக் கண்டுபிடித்தது. 2009-ஆம் ஆண்டு அதிர்வாய்வு, அந்த உப்பலுக்கு இசைந்தாற்போல, பூமிக்குள்ளே ஒரு நீண்ட பிளவின் சாயலைக் காட்டியது. பாறையிலே எழுந்த ஆயிரக்கணக்கான நுண்ணதிர்வுகளும் பதிவாயின. மூடிப்பாறையின் உறுதியைப் பற்றி ஐயம் எழுந்தவுடன், 2011-இல் பணியை நிறுத்திவைத்தார்கள்.

இந்த இரண்டு இடங்களிலும் நடந்ததைத் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. பாறையைப் பற்றி முன்கூட்டிச் செய்த மதிப்பீடு தோற்றது என்றால் ஒப்புக்கொள்கிறேன். கண்காணிப்பு தோற்கவில்லை. கேட்கின்ற காது அங்கே இருந்தபடியால், திருத்திக்கொள்ள அவகாசமும் இருந்தது.

இங்கே இன்னொரு வகையான கேட்டலையும் குறிப்பிடவேண்டும். நாம் தட்டி எதிரொலி கேட்பது ஒரு வகை. தட்டாமலே, பூமி தானாக எழுப்பும் முனகலைக் கேட்டிருப்பது மற்றொரு வகை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலே, டெகாட்டூர் என்னும் ஊரில், 2011 முதல் 2014 வரை பத்து லட்சம் டன் வாயுவைச் சுமார் 2,100 மீட்டர் ஆழத்துக்குச் செலுத்தியபோது, மனிதனால் உணர முடியாத ஆயிரக்கணக்கான நுண்ணதிர்வுகளைக் கிணற்றுக்குள் இறக்கிய கருவிகள் பதிவுசெய்தன. அவை எங்கே எழுகின்றன, எந்தத் திசையில் கோடுபோல வரிசைப்படுகின்றன என்று பார்த்தால், சித்திரத்திலே தென்படாத பழைய பிளவுகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. இப்பொழுதோ கண்ணாடி இழைவடத்தைக் கிணற்றோடு கிணறாக இறக்கி, அதனுள்ளே ஒளியைச் செலுத்தி, இழையின் ஒவ்வொரு மீட்டரையும் ஓர் ஒலிவாங்கியாக ஆக்கிவிடும் வித்தையும் வந்துவிட்டது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2009-ஆம் ஆண்டிலே வகுத்த ஆணை, புதைத்தவர் தம் பொறுப்பை அரசிடம் ஒப்படைத்துவிட்டு விலகுவதற்கு முன் மூன்று விஷயங்களை நிரூபிக்கவேண்டும் என்கிறது: வாயு உண்மையிலே நடந்துகொள்வதும், கணக்கிலே எதிர்பார்த்ததும் ஒத்துப்போக வேண்டும், கண்டறியத்தக்க கசிவு இருக்கக்கூடாது, அந்த இடம் நிரந்தரமான அமைதி நிலையை நோக்கிச் செல்லவேண்டும். கிணற்றை மூடியபின் பொதுவாக இருபது ஆண்டுகளாவது காத்திருக்கவும் வேண்டும். இந்த மூன்றில் எதை எடுத்துக்கொண்டாலும், அதிர்வலைச் சித்திரம் இல்லாமல் வாதாட முடியாது.

இந்தப் பணி இன்று விரிந்துகொண்டே போகிறது. நார்வேயின் பிரெவிக் என்னுமிடத்திலுள்ள சிமென்டு ஆலையில் பிடித்த கரியமில வாயு, கப்பலேறி மேற்குக் கரைக்கு வந்து, குழாய்வழியே நூறு கிலோமீட்டர் கடலுக்குள் சென்று, 2,600 மீட்டர் ஆழத்துப் பாறைக்குள் 2025-ஆம் ஆண்டிலே இறங்கத் தொடங்கிவிட்டது. ஆயினும் மயக்கம் வேண்டா. உலகம் ஆண்டுதோறும் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்துக் காற்றிலே கலக்கும் கரியமில வாயு ஏறத்தாழ 3,700 கோடி டன். ஸ்லைப்னர் ஓர் ஆண்டிலே புதைத்தது பத்து லட்சம் டன், அதாவது முப்பத்தேழாயிரத்தில் ஒரு பங்கு. எரிப்பதைக் குறைக்காமல் புதைப்பதை மட்டும் நம்பியிருப்பவனுக்கு இந்தக் கணக்கு ஒன்றே பதில். ஆனால் எரிப்பதை எவ்வளவு குறைத்தாலும், சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமென்டு ஆக்கும்போது கல்லிலிருந்தே வெளிப்படும் கரியமில வாயு இருக்கத்தான் செய்யும். அதைப் புதைக்கிற நாளில், சரியாகப் புதைக்கத் தெரிந்திருக்கவேண்டும். புதைத்ததை மெய்ப்பிக்கவும் தெரிந்திருக்கவேண்டும்.

ஆகவே, நாளைக்கு எந்த நாட்டிலே, எந்த அரசோ எந்த நிறுவனமோ, நாங்கள் பூமிக்குள்ளே கரியமில வாயுவைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று முழங்கினாலும், பொதுமக்களாகிய நாம் கேட்கவேண்டியவை மூன்று. செலுத்துவதற்கு முன்பே எடுத்த சித்திரம் உங்களிடம் இருக்கிறதா? அது இல்லையேல், பின்னால் எத்தனை சித்திரம் எடுத்தாலும் கழிப்பதற்கு அடியெண் கிடையாது. செலுத்திய மறுநாள் முதல் அந்த வாய்ப்பு என்றென்றைக்கும் போய்விடும். ஒரு சாட்சியைத்தான் வைத்திருக்கிறீர்களா, அதன் குறையை ஈடுசெய்ய வேறொரு சாட்சியும் உண்டா? கடைசியாக, உங்கள் சித்திரங்களை உங்கள் பெட்டிக்குள்ளேயே பூட்டிவைத்திருக்கிறீர்களா, பிறர் பரிசோதிக்கத் திறந்துவைத்திருக்கிறீர்களா?

இந்த மூன்றாவது கேள்விக்கும் ஸ்லைப்னரிலே ஒரு விடை இருக்கிறது. 2019-ஆம் ஆண்டிலே, அந்த வயலின் அதிர்வுச் சித்திரங்களையும் பாறை மாதிரிக் கணக்குகளையும் உலகத்து ஆராய்ச்சியாளர் யாவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அதன் உரிமையாளர்கள் பொதுவிலே வைத்தார்கள். அந்தத் தரவுகளைக் கொண்டு வெளியார் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம், பிழையிருந்தால் சுட்டிக்காட்டலாம். காணமுடியாத இடத்திலே வைத்த பொருளுக்கு, வைத்தவர் தரும் உறுதிமொழி எவ்வளவு பெரியதாயினும் போதாது. யாரும் சோதிக்கலாம் என்று திறந்துவைத்த ஆதாரமே போதும். இந்தப் பழக்கத்தை நம் நாடும் பிற நாடுகளும் சட்டமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இந்த அவையின் முன் நான் வைக்கும் வேண்டுகோள்.